இருமலை வைத்துக் காரம் பார்த்தவள்

தெரு முழுவதன் வாயிலும் தீ வைக்கிறவள் என்று பெயர் வாங்கிய சாஸ்காரம்மாவுக்கு மிளகாயே ஆகாது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தப்பித் தவறி ஒரு மிளகாய்த் துண்டு தட்டில் விழுந்துவிட்டால், செத்த பூச்சியை எடுப்பது போல விரல் நுனியால் எடுத்து ஓரத்தில் வைப்பாள். சின்ன வயதில் ஒரு முறை விவரம் தெரியாமல் கடித்துவிட்டு, அன்று முழுக்க நாக்கை வெளியே போட்டுக்கொண்டு திரிந்தாளாம். அன்றோடு சரி.

அப்படிப்பட்டவள் வீட்டிலேயே மிளகாய் சாஸ் காய்ச்சி, பாட்டில் பாட்டிலாகக் கடைகளுக்குப் போட்டாள். சுவைத்துப் பார்க்காமல் காரம் எப்படித் தெரியும் என்று கேட்கிறவர்களிடம், "அதெல்லாம் கைப்பழக்கம்" என்று மழுப்பிவிடுவாள். உண்மையில் அது கைப்பழக்கம் இல்லை, காதுப்பழக்கம். அவள் காரத்தைக் காதால் பார்த்தாள். அதற்குத் துணை நின்றவர் மெத்தைக்காரர்.

மெத்தைக்காரர் அவள் கணவர். சோபாவுக்கும் நாற்காலிக்கும் கார் சீட்டுக்கும் மெத்தை தைப்பது தொழில். வீட்டோடு ஒட்டிய நீளமான தகரக் கொட்டகைதான் பட்டறை. அதன் ஒரு கோடியில் தெருவைப் பார்த்த இரும்பு ஷட்டர், மறு கோடியில் சமையலறைச் சுவர். நடுவில் தரையிலிருந்து கூரை வரைக்கும் ஸ்பாஞ்சுக் கட்டைகளும் பஞ்சு மூட்டைகளும் ரெக்சின் சுருள்களும். உள்ளே நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காது. எல்லாச் சத்தத்தையும் பஞ்சு தின்றுவிடும்.

பஞ்சோடு பழகிப் பழகி மனிதரும் பஞ்சாகிவிட்டிருந்தார். எதைச் சொன்னாலும் உள்ளே வாங்கிக்கொள்வார், வெளியே ஒன்றும் வராது. "ஏங்க" என்று கூப்பிட்டால் "ம்" என்பார். சாப்பிட வரீங்களா என்றாலும் ம். கூரை ஒழுகுகிறது என்றாலும் ம். மகள் பள்ளியில் முதலாவதாக வந்திருக்கிறாள் என்றபோதும் ம்தான், ஆனால் அது கொஞ்சம் நீளமான ம். "இந்தக் கல்லுளிமங்கனைக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு இருக்கே" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பில் பாதி பெருமைதான்.

சாஸ் போடுவது ஒன்றும் மந்திரமில்லை. பழுத்த சிவப்பு மிளகாயைக் காம்பு கிள்ளி, கழுவித் துடைத்து, உப்போடு இடித்துக் கண்ணாடி ஜாடியில் அடைக்க வேண்டும். சில நாளில் அது புளித்துப் பொங்க ஆரம்பிக்கும். தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை விட வேண்டும், மறந்தால் ஜாடி வெடித்துச் சுவர் சிவந்துவிடும். நன்றாகப் புளித்த விழுதைச் சூடான வாணலியில் பூண்டோடு கொட்டி, வினிகர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அரைத்து வடிகட்டினால் முடிந்தது. கஷ்டமெல்லாம் காரத்தைப் பிடிப்பதில்தான். ஒரு மூட்டை மிளகாய் போல் இன்னொரு மூட்டை இருக்காது. ஒன்று கன்னத்தைத் தடவும், இன்னொன்று அறையும்.

அடுப்புக்கு மேலே, பட்டறையைப் பார்த்து, சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. தலை நுழையாத அளவு. அதற்கு மரப்பலகையில் ஒரு மூடி. மற்ற நாளெல்லாம் மூடியே கிடக்கும். சாஸ் காய்ச்சும் நாளில் மட்டும் அவள் அதைத் திறப்பாள். ஈரத்துண்டை மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்வாள். விழுது வாணலியில் விழுந்து நெடி கிளம்பியதும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, காதை மட்டும் தீட்டிக்கொண்டு நிற்பாள். நெடி ஓட்டை வழியாகப் பட்டறைக்குப் போகும். ஓட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்து தைக்கும் மெத்தைக்காரர் இருமுவார்.

ஒற்றை இருமல் என்றால் காரம் போதாது, ஊசி மிளகாய் விழுது இன்னும் ஒரு கரண்டி போட வேண்டும். இரட்டை இருமல் என்றால் கச்சிதம். மூன்றாவது இருமலும் வந்து, கத்திரிக்கோலைக் கீழே வைக்கிற சத்தமும் கேட்டுவிட்டால் காரம் மிஞ்சிவிட்டது, வேகவைத்த கேரட்டை அரைத்துக் கலக்க வேண்டும். அவர் இருமல் அவருக்கே உரியது. வறட்டு இருமல், முடிகிற இடத்தில் தகரம் அதிர்வது போல ஒரு கரகரப்பு.

"ஏங்க, பார்த்துட்டேன். மூடிடவா?" என்று ஓட்டை வழியாகக் கேட்பாள்.

"ம்."

அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது, பிறகு முறையாகிவிட்டது. இதை மகளைத் தவிர வேறு யாரிடமும் அவள் சொன்னதில்லை. கணவனை இருமவைத்துச் சாஸ் விற்கிறாள் என்று தெரு பேசாதா?

மெத்தைக்காரர் மார்புச் சளியில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பஞ்சுத் தூசிம்மா, இத்தனை வருஷமா உள்ள போயிருக்கு" என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் அவள் மனம் பஞ்சிடம் போகவில்லை, நேராகப் போய் அந்த ஓட்டையில் நின்றது. பலகையைத் திறந்த கை யாருடையது? பஞ்சுத் தூசி பாதி, நான் பாதி என்று அவளுக்குள் ஒரு குரல் கணக்குப் போட்டது. அதை வெளியே சொன்னால் மகள் அழுவாள், அல்லது திட்டுவாள். அதனால் யாரிடமும் சொல்லாமல் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து மகள் தன் ஊருக்குத் திரும்பிப் போனாள். பிழைப்பு இருக்கிறதே, சாஸ்காரம்மா மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். பலகையைத் திறந்தாள், துண்டைக் கட்டினாள், மூச்சைப் பிடித்தாள். பட்டறையில் பஞ்சு மூட்டைகள் அப்படியே கிடந்தன. ஒரு சத்தம் இல்லை. குத்துமதிப்பாகக் காய்ச்சிக் கொடுத்தாள்.

கோழி பொரித்து விற்கும் கடைக்காரர் பாட்டில்களோடு வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம்.

"என்னக்கா, போன வாரம் சர்பத் மாதிரி இருந்துச்சு, இந்த வாரம் ஒருத்தன் அழுதுட்டே போறான். நீங்க சாஸ் போடுறீங்களா, சூதாடுறீங்களா?"

"அடுத்த தடவை சரியா வரும், தம்பி."

"வரலைன்னா நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க. வர்றவன் கோழிக்கு வரலை, உங்க சாஸுக்கு வரான்."

இதற்கிடையில் இன்னொரு மெத்தைக்காரர் வந்து பட்டறைச் சாமானை மொத்தமாகக் கேட்டார். வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஸ்பாஞ்சும் பஞ்சும் ரெக்சினும் வண்டியில் ஏறின. நீளக் கொட்டகை வெறும் தரையும் தகரமுமாகிவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்தாள். இவ்வளவு பெரிய இடமா என்று ஒரு கணம் மலைத்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டாள்.

அடுத்த தடவை சாஸ் காய்ச்சியபோது பழக்க தோஷத்தில் பலகையைத் திறந்தாள். துண்டு மட்டும் கட்டிக்கொள்ளவில்லை. மூச்சைப் பிடிக்கவும் இல்லை. யாரைக் கேட்பதற்காக? விழுது வாணலியில் விழுந்தது. நெடி மேலே எழும்பித் தொண்டையைப் பிடித்தது, கண்ணில் நீர் கொட்டியது. அடுப்பைத் தணிக்கக் குனிந்தாள்.

பட்டறையில் யாரோ இருமினார்கள். வறட்டு இருமல், முடிவில் அந்தக் கரகரப்பு. ஒன்று. ஒன்றோடு நின்றுவிட்டது.

கரண்டியைப் பிடித்தபடியே அவள் பட்டறைப் பக்கம் திரும்பினாள். ஓடிப் போய்ப் பட்டறைக் கதவைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. திறந்தால் அங்கே ஒருவரும் இருக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும், அதனாலேயே திறக்கவில்லை. கை தன்பாட்டில் ஊசி மிளகாய் ஜாடிக்குப் போனது. ஒரு கரண்டி போட்டாள், கிளறினாள். கொட்டகையிலிருந்து இரட்டை இருமல் வந்தது.

கோழிக்கடைக்காரர் மறுநாள் போன் செய்தார். "இதுதான்க்கா, இது. எங்க வெச்சிருந்தீங்க இத்தனை நாளா?"

அன்றிலிருந்து அவள் அந்த வீட்டில் தனியாக இல்லை. பயம் இருந்ததா என்றால், இருந்தது. பட்டறைக் கதவைக் கடக்கும்போது முதுகு சில்லிடும். சாமானையெல்லாம் விற்றுவிட்டாளே என்று தேடி வந்திருக்கிறாரா? இல்லை, இன்னும் என்னை இருமவைக்கிறாயே என்று சொல்லிக்காட்ட வந்திருக்கிறாரா? ஆனால் ஒவ்வொரு தடவையும் இருமல் சரியாகச் சொன்னது, காரம் சரியாக வந்தது. கோபமாக இருப்பவர் உதவி செய்வாரா? அவர் செய்வார். அப்படிப்பட்ட ஆள்தான். இதுதான் அவளை வாட்டியது.

ஒன்றில் மட்டும் அவள் கவனமாக இருந்தாள். ஓட்டையைத் திறந்தபின் வாயைத் திறக்கமாட்டாள். "ஏங்க" என்று கூப்பிட ஆசை தொண்டை வரை வரும். கூப்பிட்டு, "ம்" வராமல் போய்விட்டால்? அதைவிடக் கூப்பிடாமலே இருந்துவிடலாம். கரண்டியைக்கூட வாணலியில் தட்டாமல், பூனை போல வேலை செய்தாள். வேலை முடிந்ததும் பலகையைச் சாத்திவிடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மகள் வந்து இறங்கினாள். இரண்டு பெட்டி, ஒரு மெத்தை. அவள் கல்யாணமாகிப் போகும்போது அப்பா தைத்துக் கொடுத்த மெத்தை அது. மற்றதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டாள், அதை மட்டும் விடவில்லை. போனில் ஏற்கெனவே பாதி வாக்கியமாகச் சொல்லியிருந்தாள், "எனக்கும் அவருக்கும் இனிமே..." என்று. மீதியை அம்மா கேட்கவில்லை. மகள் இளைத்திருந்தாள்.

"அந்தப் பட்டறைதான் சும்மா கிடக்கே, நான் அங்க இருந்துக்கறேன்" என்றாள் மகள்.

"அது வேணாம். ஒழுகுது."

"நான் பார்த்தேன், ஒழுகலையே."

"ஒழுகும். நீ கூடத்துலயே படுத்துக்க."

கூடம் என்பது பேருக்குத்தான். அது நடைபாதை. வாசலுக்குப் போகிறவர்களும் சமையலறைக்குப் போகிறவர்களும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். மெத்தையை விரிக்க இடமில்லாமல் சுவரில் சாத்திவைத்துவிட்டு, பாயில் படுத்தாள். பகலில் மடக்கி வைத்துவிட்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அதைப் பார்த்தாள். பார்த்தும் பட்டறைச் சாவியைக் கொடுக்கவில்லை. பெற்ற பெண்ணைவிட ஒரு இருமல் பெரிதாகிவிட்டதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் பிடிக்கவில்லை, கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு நாள் அவள் கடைகளுக்குப் பாட்டில் போடப் போயிருந்தபோது சாரல் அடித்து நடைபாதை நனைந்தது. மகள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, மெத்தையை இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் வைத்தாள். சமையலறைச் சுவரில் சாத்தி நிறுத்தினாள். பெரிய மெத்தை, ஓட்டையை நன்றாக அடைத்துக்கொண்டது.

அன்று மாலை சாஸ்காரம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். பலகையைத் திறந்தாள். விழுதைக் கொட்டினாள். நெடி ஏறியது. காத்திருந்தாள். ஊசி மிளகாய் ஒரு கரண்டி போட்டாள். இன்னொரு கரண்டி போட்டாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. பட்டறை ஊமையாக இருந்தது.

அவர் போய்விட்டார் என்று நினைத்தாள். முதல் தடவை போனதைவிட இது மோசமாக வலித்தது.

அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பட்டறைக் கதவைத் திறந்தாள். சுவரில் மெத்தை சாய்ந்திருந்தது.

"யாரைக் கேட்டு இதை இங்க வெச்ச?"

மகள் எழுந்து வந்தாள். "நனைஞ்சுடும்னு வெச்சேன். இப்ப என்னம்மா ஆச்சு?"

"எடு. முதல்ல எடு அதை."

"நான் வந்தது உனக்குப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடும்மா. ஒழுகுதுன்னு பொய் சொல்ல வேணாம். புருஷனை விட்டுட்டு வந்தவ வீட்டுல இருந்தா உனக்குக் கேவலமா இருக்கா?"

சாஸ்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் இந்தப் பெண் இதையா நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள்? இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள், வேறொன்று வந்துவிட்டது.

"உங்க அப்பா உள்ள இருக்காரு" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். இருமலை, கணக்கை, ஓட்டையைத் திறந்த கையை. டாக்டரிடம் சொல்லாததையும் சொன்னாள். மகள் சுவரோடு சுவராக நின்று கேட்டாள். முடிந்ததும் மெத்தையை மறுபடி நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து வெறும் பட்டறைக்குள் நின்றாள்.

"அடுப்பைப் பத்த வெம்மா. நான் இங்கயே நிக்கறேன்."

அவள் பற்றவைத்தாள். வாணலி சூடேறி நெடி கிளம்பியது. பட்டறையில் இருமல் கேட்டது, ஒன்று, இரண்டு, மூன்று. அன்று மிளகாய் மிஞ்சிப் போயிருந்ததல்லவா. சாஸ்காரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஓடி வந்து கதவருகே நின்றாள்.

"கேட்டுச்சா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். கண்ணீர் வழியும் கண்ணை, சிவந்த மூக்கை, இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்த மார்பைப் பார்த்தாள்.

"கேட்டுச்சும்மா" என்றாள்.

நடைபாதைக்குப் போய்த் துணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். கயிற்றை எடுத்து மெத்தையைச் சுருட்டிக் கட்டினாள். "என்கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி ரூம்ல இடம் இருக்குன்னு சொன்னா. நான் அங்க போறேன். அப்பா இங்கயே இருக்கட்டும்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டுத் தடுத்திருக்கலாம். சாஸ்காரம்மா சமையலறைக்குப் போய், கொதித்துக்கொண்டிருந்த வாணலியை மூடப் பெரிய தட்டை எடுத்தாள். தட்டு நழுவித் தரையில் விழுந்து, கணகணவென்று சுற்றி அடங்கியது.

பட்டறையிலும் ஒரு தட்டு விழுந்தது. அதே போலக் கணகணவென்று சுற்றி, அடங்கும்போது தகரம் அதிர்வது போல ஒரு கரகரப்போடு நின்றது.

அவள் அசையாமல் நின்றாள். மெத்தைக்காரரிடம் தட்டு ஏது?

தட்டை எடுத்து, கரண்டியால் மெதுவாகத் தட்டினாள். அங்கேயும் தட்டிற்று. நெடி தொண்டையைப் பிறாண்டியது, இருமினாள். தன் இருமலை யார் கணக்கில் வைக்கிறார்கள்? இப்போது வைத்தாள். அவள் இருமிய பிறகு அது இருமியது. நீளக் கொட்டகை, வெறும் தகரம், இரும்பு ஷட்டர். சத்தத்தைத் தின்னப் பஞ்சு இல்லை. அவர் இருந்த காலமெல்லாம் அவர் இருமலைக் கேட்பதற்காக அவள் தன் இருமலை உள்ளேயே அடக்கி அடக்கி வைத்திருந்தாள். கேட்க ஆள் இல்லை என்றதும் அது வெளியே வந்துவிட்டது. காரம் பார்த்ததெல்லாம் அவள்தான்.

திரும்பினாள். மகள் சமையலறை வாசலில் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். தட்டு விழுந்த சத்தத்துக்கு வந்தவள்.

"உனக்கு அப்பவே தெரியும்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "உனக்கு அது வேணும்னு தோணுச்சு. அதான் சொல்லலை."

அந்த இருமலைத் தனக்கே விட்டுவிட்டுப் போவதற்காகத்தான் இந்தப் பெண் பெட்டி கட்டினாள் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அழவேண்டும் போலிருந்தது. அழாமல் அடுப்பை அணைத்தாள். கொதி அடங்கி, வீடு முழுக்கச் சத்தம் ஓய்ந்தது.

"மெத்தையைக் கொண்டுபோய் அங்கேயே போடு" என்றாள். "கொஞ்சம் பொறுத்துக் கொண்டுபோ. எனக்கு ஒரு வேலை இருக்கு."

ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ஓட்டைக்கு நேராக முகத்தை வைத்தாள். உள்ளே சாயங்கால வெளிச்சத்தில் வெறும் தரை நீளமாகக் கிடந்தது. ஷட்டரின் இடுக்கில் தெரு ஒரு கோடாகத் தெரிந்தது. என்னாலதானா என்று கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாளாக வைத்திருந்தாள். ஆனால் வாயில் வந்தது பழைய சொல்தான்.

"ஏங்க."

குரல் கொட்டகையின் மறு கோடி வரை போயிற்று. போய்த் திரும்பி வந்தது.

"ஏங்க" என்று அது அவளைக் கூப்பிட்டது.

அந்தப் பக்கத்திலிருந்து அதை அவள் கேட்டதே இல்லை. இத்தனை வருஷமும் அவர் காதில் விழுந்தது இதுதானா? அதில் மிளகாய் நெடி இல்லை, ஏவல் இல்லை. இருக்கீங்களா என்று கேட்கிற குரல், அவ்வளவுதான். இதற்கு வேறு என்ன சொல்வார் மனிதர்? வேறு என்ன சொல்ல முடியும்?

அவள் ஸ்டூலில் நின்றபடி சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"ம்" என்றாள்.

பிறகு இறங்கி, மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளப் போனாள்.